ஒரு ஹார்ட் டிஸ்க், மூன்று லினக்ஸ்: வம்பு வழக்கில்லாத பாகப்பிரிவினை

ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம் என்பது நெல்லைச் சீமைக்குப் புதிதில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே வந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. அன்றைக்கு யாரோ பிரித்துக் கொடுத்ததை இன்றைக்கு நாமே பிரிக்கப் போகிறோம். அன்றாட வேலைக்கு மின்ட், அசையாத கல் மாதிரி ஒரு டெபியன், புதுசு எது வந்தாலும் உடனே பார்க்க ஃபெடோரா என்று மூன்று. கூடவே, எதையாவது போட்டுப் பார்த்து அழிக்க ஒரு காலி அறை.

மூன்றையும் நிறுவுவதில் பெரிய கஷ்டம் கிடையாது. சங்கடமெல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். ஒன்றில் கெர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) அப்டேட் ஆகும், இன்னொன்று பூட் ஆகாது. ஒன்றை அழிப்பீர்கள், மெனுவே காணாமல் போகும். வாய்க்கால் பாசனத்தில் வயல்காரர்கள் ஆளாளுக்கு மடையைத் திறந்தால் என்ன ஆகும்? நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தால்தான் கடைமடை வரை தண்ணீர் போகும். இங்கேயும் அதே கணக்குதான். வயல் மூன்றும் தனித்தனி, வரப்பு தெளிவாக இருக்க வேண்டும், மடை, அதாவது பூட் மெனு, ஒரே ஒரு சிஸ்டத்தின் பொறுப்பில். கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பு) திறங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்', 'கரன்ட் பென்டிங் செக்டார்' இரண்டிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. பென்டிங் பூஜ்யத்தைத் தாண்டி, நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கில் பாகம் பிரிப்பது வீண் வேலை. டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். பத்து வருடப் பழைய லேப்டாப் எஸ்எஸ்டி போட்டதும் புது உயிர் பெறுவதை ஜங்ஷன் பக்கத்துச் சர்வீஸ் கடை எதில் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாவது, பேக்கப். வேறொரு டிஸ்க்கில். பிரிக்கப்போகும் அதே டிஸ்க்கின் இன்னொரு மூலையில் நகல் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது.

மூன்றாவது, கரண்ட். பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பாகத்தை, சுருக்கும்போதும் நகர்த்தும்போதும் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு பாதி வழியில் நின்றுவிடும். பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப் என்றால் கவலையில்லை. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடுகிற லேப்டாப்பையும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பையும் ஒரே மாதிரிதான் நடத்த வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போட்ட நாளில் தொடங்காதீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் தென்காசி, பணகுடி பக்கம் கரண்ட் கண் சிமிட்டும்; ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சீமை முழுக்கவே அப்படித்தான். புதிதாகப் பார்ட்டிஷன் உருவாக்குவது சில நொடி வேலை, அதற்கு இந்தப் பயம் வேண்டாம். இருப்பதை நகர்த்துவதற்குத்தான் நேரம் பார்க்க வேண்டும்.

பயாஸா, யுஇஎஃப்ஐயா?

மெஷினைப் போட்டதும் சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் ஃபர்ம்வேர் முறைகள் இவை; பயாஸ் பழையது, யுஇஎஃப்ஐ புதியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவதால்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். லைவ் பென் டிரைவில் பூட் ஆனதும் 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது, இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. கவனிக்க வேண்டியது: யுஇஎஃப்ஐ மெஷினிலும் அதே பென் டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தடவை தெரியலாம், ஒன்று 'யுஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டோடு, இன்னொன்று அது இல்லாமல். முதல் சிஸ்டத்தை ஒன்றிலும் இரண்டாவதை மற்றதிலும் நிறுவினால் ஒன்றின் மெனுவிலிருந்து மற்றது பூட் ஆகாது. மூன்றையும் ஒரே முறையில் நிறுவுங்கள். யுஇஎஃப்ஐ இருக்கும் மெஷினில் அதுவே நல்லது.

அடுத்தது பார்ட்டிஷன் அட்டவணை. பாகப்பிரிவினைப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எம்பிஆர் பத்திரத்தில் நான்கு பிரைமரிக்கு மேல் எழுத இடமில்லை. ஐந்தாவது வேண்டுமானால் நான்கில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' ஆக்கி அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் போட வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கையும் அதால் முழுதாகக் கையாள முடியாது. ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை போடலாம். பத்திரத்தின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், முன்பக்கம் கெட்டாலும் மீட்டுக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜிபிடிதான். பத்திரத்தைப் புதிதாக எழுதினால் பழைய பார்ட்டிஷன்கள் அத்தனையும் போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அளவுக் கணக்கு

500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க், பாகம் பிரிக்கும் செயலியான ஜிபார்ட்டடில் 465 என்றுதான் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், மென்பொருள் 1024-ஆல் வகுக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் மாறின மாதிரி. ஜிபார்ட்டட் அளவை எம்ஐபி (1024 கணக்கிலான எம்பி) கணக்கில் கேட்கும், அதனால் ஜிபியை எப்போதும் 1024-ஆல் பெருக்கியே போடுங்கள்.

8 ஜிபி ரேம், 500 ஜிபி டிஸ்க், யுஇஎஃப்ஐ மெஷின் என்று வைத்துக்கொண்டால், இடமிருந்து வலமாக இந்த வரிசை (ஃபேட்32, எக்ஸ்ட்4 இரண்டும் கோப்பு அமைப்புகளின் பெயர்):

1. இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் இருக்கும் இடம்): 1024 எம்ஐபி, ஃபேட்32
2. ஸ்வாப் (ரேம் நிரம்பினால் கைகொடுக்கும் இடம்): 8192 எம்ஐபி
3. டெபியன்: 40960 எம்ஐபி, எக்ஸ்ட்4
4. ஃபெடோரா: 61440 எம்ஐபி, எக்ஸ்ட்4
5. மின்ட்: 61440 எம்ஐபி, எக்ஸ்ட்4
6. காலி இடம்: 40960 எம்ஐபி, எதுவும் போடாமல்
7. பொது டேட்டா: மிச்சம் அத்தனையும், ஏறக்குறைய 256 ஜிஐபி, எக்ஸ்ட்4

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கம் நீட்டுவது நிமிட வேலை. இடப்பக்கம் நீட்ட வேண்டுமானால் அதன் தொடக்கமே நகர வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எழுத வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 200 ஜிபியை அப்படி நகர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் நிறுத்தவும் முடியாது. அதனால்தான் அதிகம் புழங்கப்போகும் மின்ட்டின் வலப்பக்கத்திலேயே காலி இடம். நாளைக்கு அது நிரம்பினால் வரப்பை அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம்.

ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் குடியிருக்கும் பார்ட்டிஷனுக்கு, 20 ஜிபி போதும் என்று பழைய குறிப்புகள் பலவற்றில் இருக்கும். நிறுவுவதற்குப் போதும், குடித்தனம் நடத்தப் போதாது. ஃப்ளாட்பேக் செயலிகள் நான்கைந்து போட்டால் அவற்றின் ரன்டைம்களே (அவை ஓடத் தேவையான துணைக் கோப்புகள்) பல ஜிபி பிடிக்கும். கெர்னல், பேக்கேஜ் கேஷ், லாக் எல்லாம் தனி. ரூட் முழுக்க நிரம்பிய சிஸ்டத்தில் லாகின் திரையைத் தாண்டி உள்ளே போக முடியாமலும் ஆகும். 40-க்குக் கீழே போகாதீர்கள்.

இஎஃப்ஐக்கு ஒரு ஜிபி அதிகமாகத் தோன்றலாம். விண்டோஸ் தானாகப் போடுவது 100 எம்பிதான், பூட் மெனுவைக் காட்டும் பூட்லோடரான கிரப்பின் கோப்புகளுக்கு மட்டும் என்றால் அதுவே தாராளம். ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட்டும் அங்கேதான் வந்து இறங்கும், சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) கெர்னலையே அங்கே வைக்கும். டிஸ்க்கின் முதல் இடத்தில் இருப்பதைப் பின்னால் பெரிதாக்குவது நாய் படாத பாடு. இப்போதே விட்டுவைப்பது மேல்.

ஜிபார்ட்டடில் வெட்டுவது

லைவ் மின்ட்டிலேயே ஜிபார்ட்டட் இருக்கும். திறந்ததும் வலது மேல்மூலையில் எந்த டிஸ்க் என்று பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே கூடாது. பென் டிரைவ் செருகிய வரிசையில் அவை மாறும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் பெயர் வேறு மாதிரி இருக்கும். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள்.

பார்ட்டிஷன் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பழைய ஸ்வாப்பை லைவ் சிஸ்டம் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வலது கிளிக் செய்து 'ஸ்வாப் ஆஃப்' கொடுத்தால் விடும்.

புது டிஸ்க் என்றால் 'டிவைஸ்' மெனுவில் பார்ட்டிஷன் டேபிள் உருவாக்கும் இடத்தில் ஜிபிடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் தெரிவது எம்எஸ்டாஸ், அதாவது எம்பிஆர். பிறகு மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக. 'அலைன் டு' என்ற இடத்தில் எம்ஐபி என்று இருப்பதை அப்படியே விடுங்கள், எஸ்எஸ்டிக்கும் புது ஹார்ட் டிஸ்க்குக்கும் வேகம் குறையாமல் இருக்க அதுதான் வழி. இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மட்டும், உருவாக்கி முடித்த பிறகு 'மேனேஜ் ஃப்ளாக்ஸ்' போய் 'இஎஸ்பி' கொடி வைக்க வேண்டும். கொடி இல்லையென்றால் இன்ஸ்டாலர் அதைக் கண்டுகொள்ளாது. காலி இடத்தை விட்டுவிட்டு டேட்டாவை உருவாக்கும்போது 'ஃப்ரீ ஸ்பேஸ் பிரிசீடிங்' கட்டத்தில் 40960 கொடுங்கள்.

ஜிபார்ட்டட் எதையும் உடனே செய்யாது, கீழே வரிசையில் சேர்த்து வைக்கும். பச்சை டிக் அழுத்தும் வரை டிஸ்க் தொடப்படவில்லை. அந்த வரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின் அழுத்துங்கள்.

ஒவ்வொன்றுக்கும் லேபிள் வையுங்கள், பின்னால் இன்ஸ்டாலரில் 60 ஜிபி பார்ட்டிஷன்கள் இரண்டு நிற்கும்போது அதுதான் காப்பாற்றும். தமிழில் வைக்க ஆசைப்பட்டால் ஒரு கணக்கு: எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட்தான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 'பாளை' 12 பைட், 'அம்பை' 15 பைட், இரண்டும் அடங்கும். 'நெல்லை' 18 ஆகிவிடும், அடங்காது. கிரப் திரையில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிய வாய்ப்பு இருப்பதால் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுவது உத்தமம்.

முடிந்ததும் பத்திரத்துக்கு ஒரு நகல். 'எஸ்ஜிடிஸ்க்' கட்டளையை 'பேக்கப்' விருப்பத்தோடு ஓட்டினால் சின்னக் கோப்பு ஒன்று கிடைக்கும். பென் டிரைவில் போட்டு வையுங்கள். என்றைக்காவது பார்ட்டிஷன் அட்டவணை அழிந்துபோனால், டிஸ்க்கில் வேறு எதையும் எழுதாமல் இதைத் திருப்பிப் போட்டாலே எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நகல் இல்லாதவர்களுக்கு 'டெஸ்ட்டிஸ்க்' இருக்கிறது. பெரும்பாலும் மீட்கும், ஆனால் பொறுமை வேண்டும்.

நிறுவும் வரிசை

டெபியன் முதலில், அடுத்து ஃபெடோரா, கடைசியாக மின்ட். யுஇஎஃப்ஐயில் கடைசியாக வந்தவர் பூட் வரிசையில் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்வார். நீர்பாய்ச்சி வேலையை மின்ட்டிடம் கொடுக்கப்போவதால் இந்த வரிசை.

மூன்றுக்கும் பொதுவாக: தானாகப் பிரிக்கும் விருப்பங்கள் எதையும் தொடாதீர்கள். 'மேனுவல்', 'கஸ்டம்', 'சம்திங் எல்ஸ்' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும். உரிய ரூட்டை மட்டும் ஃபார்மேட் செய்யலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும், ஃபார்மேட் செய்யச் சொல்லக்கூடாது. மூன்றாவது சிஸ்டம் போடும்போது அந்த ஒரு டிக் விழுந்துவிட்டால் முன்னால் போட்ட இரண்டின் பூட் கோப்புகளும் அழிந்துவிடும். ஃபெடோராவின் இன்ஸ்டாலரில் அது 'ரீஃபார்மேட்' என்ற பெயரில் இருக்கும், கண்டிப்பாகப் பாருங்கள்.

டெபியனில் இரண்டு விஷயம். அதன் இன்ஸ்டாலர் கண்ணில் பட்ட ஸ்வாப்பையெல்லாம் மறுபடி ஃபார்மேட் செய்யும், அதனால் ஸ்வாப்பின் யுயுஐடி, அதாவது அடையாள எண், மாறிவிடும். அந்த ஸ்வாப்பை நம்பியிருக்கும் மற்ற சிஸ்டம் அடுத்த தடவை பூட் ஆகும்போது 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று 90 நொடி காத்து நிற்கும். டெபியனை முதலில் போடுவதால் இன்று பிரச்சினை வராது. நாளைக்கு மறுபடி நிறுவினால் வரும். ஸ்வாப் பார்ட்டிஷனை 'டூ நாட் யூஸ்' என்று குறித்துவிட்டு, நிறுவிய பிறகு எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும், 'எட்சி' கோப்புறையில் உள்ள 'எஃப்எஸ்டேப்' கோப்பில் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிரப்பை 'ரிமூவபிள் மீடியா பாத்' இடத்திலும் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எல்லோருக்கும் பொதுவான திண்ணை, ஒருவர் துண்டு போட்டு இடம் பிடிக்கக்கூடாது.

ஃபெடோராவைத் தானாக விட்டால் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் தான் போடும். நல்ல கோப்பு அமைப்புதான். ஆனால் மூன்று சிஸ்டமும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துச் சரிசெய்யவேண்டிய டிஸ்க்கில் மூன்றும் எக்ஸ்ட்4 ஆக இருப்பது தலைவலியைக் குறைக்கும். எக்ஸ்எஃப்எஸ் மட்டும் வேண்டாம், ஒருமுறை போட்டால் சுருக்கவே முடியாது. ஃபெடோரா இசட்ரேம் வைத்து ரேமுக்குள்ளேயே ஸ்வாப் செய்துகொள்ளும், அதற்கு டிஸ்க் ஸ்வாப்பைக் காட்டவே வேண்டாம்.

விசைப்பலகை கேட்கும் இடத்தில் 'ஆங்கிலம்' என்றே கொடுங்கள். ஆர்வத்தில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்துவிட்டு, லாகின் திரையில் கடவுச்சொல் தட்ட முடியாமல் முழிப்பவர்கள் உண்டு. தமிழ்99-ஐ உள்ளே போனபிறகு ஐபஸ் என்ற தட்டச்சுச் செயலி வழியாகச் சேர்த்தால் போதும்.

மடை யார் கையில்?

இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தன் பெயரில் ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளும்: டெபியனுக்கு 'டெபியன்', ஃபெடோராவுக்கு 'ஃபெடோரா'. மின்ட்டுக்கு? 'உபுண்டு'! உபுண்டுவிலிருந்து வந்தது என்பதால் அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. அதனால் மின்ட்டையும் உபுண்டுவையும் ஒரே டிஸ்க்கில் போட்டால் இரண்டும் ஒரே கோப்புறையில் எழுதும், பிந்தி எழுதியவர் வைத்ததே சட்டம். காலி அறையில் உபுண்டுவையோ அதன் வழிவந்த வேறு ஒன்றையோ போட்டுப் பார்த்த பிறகு மின்ட் மெனு மாறிப்போவதற்கு இதுதான் காரணம். அப்படி ஆனால் மின்ட்டுக்குள் போய் 'கிரப்-இன்ஸ்டால்', அதன் பிறகு 'அப்டேட்-கிரப்' இரண்டையும் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் உரிமை திரும்ப வரும்.

இப்போது மெனு. வழக்கமான வழி ஓஎஸ்-புரோபர்: ஒரு கிரப் மற்ற பார்ட்டிஷன்களைத் துழாவி, அங்குள்ள கெர்னல்களைத் தன் மெனுவில் எழுதிக்கொள்ளும். 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து பாதுகாப்புக் காரணத்தால் இதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். 'எட்சி' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்', அதற்குள் 'கிரப்' கோப்பில் 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்' வரியை ஃபால்ஸ் ஆக்கினால் உயிர் பெறும். மற்ற சிஸ்டத்தைக் காணோமே என்று பதறுவதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் இது.

ஆனால் பல லினக்ஸ் உள்ள மெஷினில் இந்த வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டெபியன் தன் கெர்னலைப் புதுப்பித்தது மின்ட்டின் கிரப்புக்குத் தெரியாது. மெனு பழைய கெர்னலையே காட்டும். டெபியன் பழையதை நீக்கிவிட்டால் மெனுவில் அழுத்தியதும் கோப்பு இல்லை என்று பிழைதான் வரும். ஃபெடோரா கெர்னல் பட்டியலை வேறு விதமாக, தனித்தனிச் சின்னக் கோப்புகளில் வைத்திருப்பதால் ஓஎஸ்-புரோபர் அங்கே பலமுறை தடுமாறும்.

நல்ல வழி, செயின்லோடு. மின்ட்டின் மெனு மற்ற சிஸ்டத்தின் கெர்னலைத் தேடாமல் அதன் கிரப்பிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடும். மின்ட்டில் 'எட்சி', 'கிரப்.டி' கோப்புறைக்குள் '40 கஸ்டம்' என்ற கோப்பைத் திறந்து, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு 'மெனுஎன்ட்ரி' எழுதுங்கள். அதன் அடைப்புக்குள் மூன்றே வேலை: 'இன்ஸ்மாட்' கட்டளையால் ஃபேட், செயின் ஆகிய மாட்யூல்களை ஏற்றுவது, 'சர்ச்' கட்டளைக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷனின் யுயுஐடியைக் கொடுத்து அதை 'ரூட்' ஆக்குவது, 'செயின்லோடர்' கட்டளைக்கு டெபியன் கோப்புறையில் உள்ள 'ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற பூட் கோப்பின் பாதையைக் கொடுப்பது. ஃபெடோராவுக்கும் இதே, கோப்புறைப் பெயர் மட்டும் மாறும். யுயுஐடியைப் பார்க்க 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' போதும், ஃபேட்டின் யுயுஐடி எட்டெழுத்தும் நடுவில் ஒரு கோடுமாகச் சின்னதாக இருக்கும். எழுதி முடித்து அப்டேட்-கிரப். அவ்வளவுதான், டெபியனில் எத்தனை கெர்னல் வந்து போனாலும் இந்த வரியை மறுபடி தொட வேண்டியதில்லை. பிறகு மூன்றிலும் ஓஎஸ்-புரோபரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மெனுவும் ஒன்றையொன்று கண்ணாடி மாதிரி காட்டிக்கொண்டு நாற்பது வரிக்கு நீளும்.

என்றைக்காவது ஃபெடோரா தன்னை முதலில் தூக்கி வைத்துக்கொண்டால் வரிசையை மாற்ற ஒரு கட்டளை உண்டு: 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்'. கடைசி மூன்று எழுத்தை நம்மவர்கள் மறக்கமாட்டார்கள், மேனேஜர் என்பதன் சுருக்கம்தான் அது. தனியாக ஓட்டினால் பட்டியல் தரும், சின்ன ஓ விருப்பத்தோடு எண்களை வரிசையாகக் கொடுத்தால் அந்த வரிசை நிலைக்கும்.

பயாஸ் மட்டும் உள்ள பழைய மெஷினில் இந்த வசதி கிடையாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரே ஒரு கிரப்புக்குத்தான் இடம். மற்றவற்றை நிறுவும்போது பூட்லோடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓஎஸ்-புரோபரை இயக்கி, மற்ற சிஸ்டத்தில் கெர்னல் மாறும்போதெல்லாம் முதன்மைச் சிஸ்டத்துக்குள் வந்து அப்டேட்-கிரப் ஓட்டத்தான் வேண்டும். அங்கே ஜிபிடி போட்டிருந்தால் 1 எம்ஐபியில் ஃபார்மேட் செய்யாத ஒரு குட்டிப் பார்ட்டிஷன், அதற்கு 'பயாஸ் கிரப்' கொடி, இரண்டும் கட்டாயம்.

எதைப் பகிரலாம், எதைக் கூடாது

ஹோம் பார்ட்டிஷனை மூன்றுக்கும் பொதுவாக வைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஹோமில் உங்கள் ஆவணங்களோடு, புள்ளியில் தொடங்கும் நூற்றுக்கணக்கான அமைப்புக் கோப்புகளும் இருக்கின்றன. ஃபெடோராவின் புது ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலை டெபியனின் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். டெஸ்க்டாப் அமைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக் குழம்பும். அதனால் ஹோம் அவரவர் ரூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பகிர வேண்டியது டேட்டா மட்டும்.

டேட்டா பார்ட்டிஷனை மூன்றிலும் 'டேட்டா' என்ற ஒரே பாதையில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். எஃப்எஸ்டேப் வரியில் எஸ்டிஏ6 என்று எழுதாமல் யுயுஐடி எழுதுங்கள். விருப்பங்களில் 'நோஃபெயில்' சேருங்கள். அது இல்லாவிட்டால் என்றாவது அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாத நாளில் சிஸ்டமே எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஒரு பார்ட்டிஷன் கோளாறுக்கு வீடே இருட்டாக வேண்டாம். பிறகு உள்ளே டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் கோப்புறைகளை உருவாக்கி, மூன்று ஹோமிலிருந்தும் அவற்றுக்குச் சிம்லிங்க் (குறுக்குவழி) போடுங்கள்.

உரிமை எண்ணைப் பாருங்கள். லினக்ஸுக்கு உங்கள் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். மூன்றிலும் முதல் பயனருக்கு 1000 என்ற எண்தான் வரும், அதனால் தானாகவே பொருந்தும். வீட்டில் அக்காவும் தம்பியும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால், மூன்று சிஸ்டத்திலும் அதே வரிசையில் உருவாக்குங்கள். ஒன்றில் தம்பியை முதலில் உருவாக்கிவிட்டால் அங்கே அக்கா கோப்பு தம்பிக்குச் சொந்தமாகிவிடும்.

எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். சிஸ்டம் பார்ட்டிஷனில் அது தேவை. 256 ஜிபி டேட்டாவில் அப்படி 12 ஜிபிக்கு மேல் முடங்கும். 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையில் சின்ன எம் விருப்பத்துக்கு 1 கொடுத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

ஸ்வாப்பை டெபியனும் மின்ட்டும் பகிரலாம், ஒரே நிபந்தனையோடு: ஹைபர்னேட், அதாவது ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு மெஷினை அணைப்பது, கூடாது. மின்ட்டை ஹைபர்னேட் செய்துவிட்டு டெபியனைப் பூட் செய்தால், ஸ்வாப்பில் உறங்கும் மின்ட்டின் நினைவின் மேல் டெபியன் எழுதிவிடும். அதைவிட மோசம், மின்ட் திறந்து வைத்திருந்த டேட்டா பார்ட்டிஷனை டெபியனும் திறந்து மாற்றுவது. திரும்பி வரும் மின்ட்டுக்குப் பழைய கணக்கே நினைவில் இருக்கும், கோப்பு அமைப்பு சிதையும். இதே காரணத்தால், விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' அணைக்கப்பட வேண்டும், அதுவும் பாதி ஹைபர்னேட்தான். விண்டோஸ் பக்கம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகித் தெரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். லினக்ஸ் கடிகாரச் சிப்பில் யுடிசி நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று நினைக்கிறது.

ஒன்றை அழிக்கும்போது

ஃபெடோரா போதும் என்று தோன்றினால் நேரே ஜிபார்ட்டடில் அழிக்காதீர்கள். முதலில் மின்ட்டின் 40 கஸ்டம் கோப்பில் அதன் வரிகளை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் பட்டியலில் ஃபெடோராவின் எண்ணைப் பார்த்து, சின்ன பி விருப்பத்துக்கு அந்த எண்ணும் பெரிய பி விருப்பமும் கொடுத்து நீக்குங்கள். அடுத்து இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'ஃபெடோரா' கோப்புறையை அழியுங்கள், அதை மட்டும். பக்கத்தில் உள்ள 'பூட்' கோப்புறையைத் தொடாதீர்கள். கடைசியாகத்தான் பார்ட்டிஷன்.

அழிக்கப்போவது மின்ட் என்றால் வரிசையே வேறு. மடை அவர் கையில் இருக்கிறது. முதலில் டெபியனுக்குள் போய் அதன் 40 கஸ்டம் கோப்பில் ஃபெடோராவுக்கான வரிகளை எழுதி, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் ஓட்டி, பூட் வரிசையில் டெபியனை முதலில் வைத்து, ஒருமுறை அணைத்துப் போட்டு மெனு வருகிறதா என்று பார்த்தபின் மின்ட்டில் கை வைக்கலாம். அவசரப்பட்டு அழித்துவிட்டு 'கிரப்' என்ற ஒற்றைச் சொல்லோடு கறுப்புத் திரை நிற்கிறது என்றால், மெஷினைப் போட்டதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் இவற்றில் உங்கள் லேப்டாப்புக்குரிய விசையை அழுத்துங்கள். ஃபர்ம்வேரின் பூட் மெனுவில் டெபியன் இன்னும் இருக்கும். அதற்குள் போய் அதே இரண்டு கட்டளைகளை ஓட்டினால் போதும்.